கூண்டில் நின்ற இரண்டாவது ஆள்

இது கட்டிவிட்ட கதை இல்லை. அன்று அந்தப் படப்பிடிப்புத் தளத்தில் இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். பேச்சை மாற்றுவார்கள்... இல்லை என்று மட்டும் சொல்ல மாட்டார்கள்.

ஹொரேஸ் பிம்லாட் லண்டன் சினிமாவில் கால் நூற்றாண்டாகத் துணை நடிகர். பாதிரியார், பட்லர், போலீஸ் இன்ஸ்பெக்டர் என்று சின்னச் சின்ன வேஷங்கள். முகம் ஊருக்கே தெரியும். பெயர்தான் யாருக்கும் தெரியாது. 1948 நவம்பரில் முதல்முறையாக ஒரு பெரிய காட்சி கிடைத்தது. நீதிபதி வேஷம். கொலைகாரனுக்குத் தூக்குத் தண்டனை சொல்ல வேண்டும்.

மதியத் தேநீர் முடிந்தது. வெளியே ஒரே மூடுபனி. உள்ளே விளக்குச் சூட்டில் எல்லோருக்கும் வியர்த்தது. தூக்குத் தண்டனை சொல்லும்போது அங்கத்து நீதிபதிகள் தலையில் போடும் கறுப்புத் துணியைப் பிம்லாட்டின் தலையில் வைத்தார்கள். கேமரா ஓடியது.

"லெனார்ட் வீச்..." என்று தொடங்கினார்.

"கட்! யாருய்யா அது வீச்?" டைரக்டர் கார்வர் கத்தினார். "கதையில அவன் பேரு ஜான் கெம்ப்!"

பிம்லாட் விழித்தார். அப்படி ஒரு பெயரை அவர் கேள்விப்பட்டதே இல்லை.

மறுபடி கேமரா ஓடியது. அவர் கூண்டைப் பார்த்தார். அங்கே கெம்ப்பாக நடிப்பவன் மட்டும்தான் நிற்க வேண்டும்.

இரண்டு பேர் நின்றார்கள்.

பின்னால் நின்றவன் ஒல்லி. கோட்டு நனைந்திருந்தது. அத்தனை சூட்டிலும் அவன் மூச்சு குளிரில் நிற்பவனுடையதுபோலப் புகைந்தது...

"சொல்லிடாதீங்கய்யா... நீங்க சொல்லிட்டா முடிஞ்சுது."

பிம்லாட் வசனத்தை விட்டுவிட்டு அவனையே பார்த்தார்.

"கட்! இன்னொரு தடவை சொதப்புனா வேற ஆளைப் போட்டுக்குவேன், பெரியவரே."

ஒலிப்பதிவாளர் காதுக்கருவியைக் கழற்றினார். "சார்... யாரோ அழற மாதிரி கேக்குது."

"மூடிக்கிட்டு வேலையைப் பாரு!"

மூன்றாவது முறை.

கிர்ர்ர்... கேமராவின் ஓசை மட்டும்.

அவன் தலையை மெல்ல ஆட்டினான். வேண்டாம்... வேண்டாம்...

கால் நூற்றாண்டு. பட்லர். பாதிரியார்.

அவன் கண்ணைப் பார்த்தபடியே பிம்லாட் தீர்ப்பைச் சொன்னார். ஓர் எழுத்து பிசகவில்லை.

தளமே கைதட்டியது.

கூண்டில் நடிகன் மட்டும் நின்றான். அவனுக்குப் பின்னால்... பலகை ஈரம்.

அடுத்த மார்ச்சில் ஒருநாள் பிம்லாட் பத்திரிகையை விரித்தார். முதல் பக்கத்தில் அதே முகம். லெனார்ட் வீச். குடியிருந்த வீட்டுக்காரியைக் கொன்றதாகத் தூக்குத் தண்டனை. "நான் செய்யலை" என்று கடைசிவரை கதறினானாம்.

கொலை நடந்ததே ஜனவரியில்தான்.

பிம்லாட் தீர்ப்புச் சொன்ன அன்று, அந்த வீட்டுக்காரி உயிரோடு இருந்தாள்.