ஜன்னலுக்கு மட்டும் கூடுதல் புகை

அந்த வட்டாரத்தில் கொசு மருந்து அடிப்பவருக்குப் 'புகைக்காரர்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. மாலையில் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினால், எங்கள் வீட்டுப் பக்கம் நன்றாக அடியுங்கள் என்று கேட்காத வாசல் கிடையாது. மனிதருக்குத் தலைகால் புரியாது.

சொந்தத் தெருவில் தனிக் கவனிப்பு. மெஷின் சத்தம் கேட்டதும் மாடியில் அவர் மனைவி ஜன்னலை விரியத் திறந்துவைத்து நிற்பாள். இவரும் குழாயை நிமிர்த்தி அந்த ஜன்னலுக்கு மட்டும் கூடுதலாகப் புகை விடுவார். கல்யாணமான புதிதில் தொடங்கிய விளையாட்டு. ஊரார் வீட்டுக் கொசுவை விரட்டுகிறவர் சொந்த வீட்டை விட்டுவிடுவாரா என்ன?

அவளுக்கோ இளைப்பு. இரண்டு வார்த்தை பேசினால் மூன்றாவதற்கு மூச்சு இருக்காது. தலையணையை மாற்றிப் பார்த்தார்கள், குளிர்ந்த தண்ணீரை நிறுத்திப் பார்த்தார்கள், போகாத ஆஸ்பத்திரி இல்லை. இவளை இழந்துவிடுவோமோ என்ற பயம் அவரை உள்ளுக்குள் அரித்தது.

கீழ்வீட்டுத் தையல்கார அக்காவின் வாய்க்குத் தெருவே பயப்படும். வாசலை ஒட்டி உட்கார்ந்து தைப்பதால் எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. ஒருநாள் புகைக்காரரை வழிமறித்தார்.

"தம்பி, நீ மருந்தடிக்கிற அன்னிக்குத்தான் உன் பொண்டாட்டி மூச்சுக்கு அல்லாடுறா. மத்த நாள்ல இவ்வளவு இல்ல. நீயே யோசிச்சுப் பாரு."

இவருக்கு வந்ததே கோபம்! தன் மருந்து கொசுவைத்தான் கொல்லும், மனுஷரை ஒன்றும் செய்யாது என்று தெருவுக்கே கேட்கும்படி கத்திவிட்டுப் போனார்.

அப்புறம் மெஷின் பழுதாகி ஒர்க்‌ஷாப்புக்குப் போனது. அது திரும்பி வரும்வரை மனைவி நிம்மதியாகத் தூங்கினாள். இவருக்குத் தூக்கம் போயிற்று. டாக்டரிடம் ஓடி, அதுவரை யாரும் கேட்காத, தானும் சொல்லாத தன் வேலையைச் சொன்னார். காற்றில் மிதக்கும் மருந்து யார் நெஞ்சுக்கும் நல்லதல்ல, இளைப்புக்காரருக்கு ஆகவே ஆகாது என்றார் டாக்டர். அடிக்கும்போது ஜன்னலைச் சாத்த வேண்டும், வேலைத் துணியோடு வீட்டுக்குள் போகக் கூடாது என்றும் சொன்னார்.

நேரே அக்கா வாசலில் போய் நின்றார்.

"என் வீட்டை நீங்கதான்க்கா காப்பாத்திக் கொடுத்தீங்க."

அக்கா ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டே, "சரி சரி, அழாத. கடைசி வீட்ல கைக்குழந்தை இருக்கு. அங்க சொல்லிட்டியா?" என்றார்.

சொன்னார். இப்போதெல்லாம் மெஷினைக் கிளப்புவதற்கு முன் தெரு முழுக்க நடந்து கதவு ஜன்னலைச் சாத்தச் சொல்கிறார். புகைக்குப் பின்னால் பிள்ளைகள் ஓடிவந்தால் நிறுத்திவிடுகிறார். தாமதமாகிறது என்று மேஸ்திரி முணுமுணுக்கிறார். முணுமுணுத்துவிட்டுப் போகட்டும்.

போன வாரம் மறதியில் வேலைச் சட்டையோடு உள்ளே நுழைந்துவிட்டார். மனைவி பிடித்துக்கொண்டாள். எத்தனை தடவை சொல்வது, காது செவிடா, மண்டையில் இருப்பது மூளையா களிமண்ணா என்று வாசல்வரை துரத்திவந்து திட்டினாள். நடுவே ஓரிடத்தில்கூட மூச்சு வாங்கவில்லை. கழற்றிய சட்டை கையில் அப்படியே இருக்க, புகைக்காரர் கண் கலங்கி நின்றார்.

"நிறுத்தாத," என்றார். "இன்னும் கொஞ்சம் திட்டு."