சிவப்பு முடிகிற இடம்

கஹவத்தை டவுனில் ஒரு ஸ்டூடியோவில் அப்போது நான் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். அப்படி அமுக்கியதில் ஒரு நாள் கிரேடியன்ட் அகப்பட்டது. இந்தப் பக்கம் ஒரு நிறம், அந்தப் பக்கம் ஒரு நிறம் வைத்து மவுஸால் ஒரு கோடு இழுத்தால் போதும், இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துவிடும். அந்த வருடம் கல்யாணக் கார்டு, சடங்கு ஆல்பம், டியூஷன் நோட்டீஸ் எதுவும் என் கையிலிருந்து தப்பவில்லை. "மல்லி, அடையாள அட்டை போட்டோவையாவது விட்டு வை" என்று முதலாளி சிங்களத்தில் கெஞ்சுவார். மல்லி என்றால் தம்பி.

திருவிழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது பக்கத்து ரப்பர் தோட்டத்துக் கோயில் தலைவர் பேனர் அடிக்க வந்தார். கூடவே, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் மேட்டு லயத்திலிருந்து ஓர் அண்ணன், பள்ளத்து லயத்திலிருந்து ஓர் அக்கா. அண்ணன் சிவப்புக் கொடித் தொழிற்சங்கம். அக்கா பச்சைக் கொடிச் சங்கத்தின் மாதர் தலைவி. போன வருடம் இரண்டு சங்கமும் தங்கள் தங்கள் நிறத்தில் தனித்தனி பேனர் கட்டியிருந்தார்கள். யாருடையது பெரியது என்று வாய்த்தகராறு வந்து, ஒரு பக்கத்தார் தேர் வடத்தைக் கீழே போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அம்மன் பாதி ரோட்டில் நின்றாள்.

"இந்த வருசமும் சாமி ரோட்டுல நின்னா நான் தலைவரா இருந்து என்னங்க தம்பி பிரயோசனம்?" என்றார் தலைவர். "ஒரே பேனர். ரெண்டு பேரும் இங்கயே ஒக்காந்து சரின்னு சொல்லணும்."

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இரண்டு பேனர் என்றால் எனக்கும் வேலை இரட்டிப்புதான். ஆனால் எனக்கென்றே அளந்து செய்த வேலை கையில் விழுந்திருக்கும்போது அதையெல்லாம் யார் நினைப்பார்? இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை வைத்து, பெருமையாக ஒரு இழுப்பு இழுத்தேன்.

நடுவில் சேறு.

"இது என்னங்க, மாணிக்கம் தோண்டுற கெடங்குல தண்ணி எறச்ச மாதிரி இருக்கு?" என்றார் அண்ணன்.

"ஒங்க செவப்பு வந்து சேந்தா அப்பிடித்தான் கலங்கும்" என்றார் அக்கா.

"பச்ச வர்ற வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு."

தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் சிவப்பைக் குறைத்தேன், பச்சையைக் கூட்டினேன். சேறு அகலமானதுதான் மிச்சம். இருவரும் எழுந்து போய்விடுவார்களோ என்று எனக்கு வியர்க்க ஆரம்பித்தது.

அக்காதான் திரையைப் பார்த்தபடி சொன்னார்: "ஏன் தம்பி, ரப்பர் எல உதிர்ற காலத்துல நீங்க மரத்தப் பாத்ததே இல்லையா? பச்ச நேரா செவப்புக்கா போகுது? நடுவுல மஞ்சளாகித்தானே போகுது."

தினமும் அந்த மரங்களில் பால் வெட்டுகிறவர். நான் பஸ்ஸிலிருந்து பார்க்கிறவன். நிறப் பட்டையின் கீழே நடுவில் ஒரு தட்டுத் தட்டினால் மூன்றாவது நிறமும் வைக்கலாம் என்பதைக் கண்டுபிடிக்க எனக்குக் கால் மணி நேரம் ஆனது. அரைத்த மஞ்சள் நிறத்தை அங்கே வைத்தேன். சேறு போன இடம் தெரியவில்லை.

அண்ணன் திரையில் விரலை வைத்தார். "செவப்பு எங்க முடியுது?" விரல் கொஞ்சம் நகர்ந்தது, திரும்பி வந்தது, மறுபடி நகர்ந்தது. "இங்கனதான்னு சொல்ல முடியலையே."

"அப்ப சண்ட போடவும் எடமில்ல" என்றார் தலைவர்.

"அது சரிங்க. மொதல்ல செவப்புதானே வருது?" என்று அக்கா அடுத்ததை எடுத்தார்.

"ரோட்டுக்குக் குறுக்கதானே கட்டப்போறோம், தங்கச்சி? மேட்டுப் பக்கம் செவப்பு, பள்ளத்துப் பக்கம் பச்ச. அவங்கவங்க வாசலுக்கு அவங்கவங்க நெறம்" என்றார் தலைவர்.

தேரன்று நானும் போனேன். மத்தியானம் மழை பெய்து பேனர் நனைந்து தொங்கியிருந்தது. தேர் வந்தது, பேனருக்கு முன்னால் நின்றது. இன்னும் நகர்ந்தால் தேரின் கலசம் பேனரில் இடிக்கும். தலைவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மேட்டு லயத்து ஆட்கள் ஓடிப்போய்த் தங்கள் பக்கக் கயிற்றை ஏற்றிக் கட்டினார்கள். பேனர் பள்ளத்துப் பக்கம் சாய்ந்தது.

"ஒங்க பக்கம் மட்டும் ஒசந்தா போதுமா?" என்று அக்கா குரல் கொடுத்தார்.

"அப்ப சும்மா நிக்காம நீங்களும் இழுங்க" என்றார் அண்ணன்.

பள்ளத்து லயத்து ஆட்களும் இழுத்தார்கள். நடுவில் இன்னும் தொங்கியது. ஆளுக்கொரு மூங்கில் கொண்டு வந்து, இரண்டு பக்கத்தாரும் அந்த மஞ்சளுக்குக் கீழே முட்டுக்கொடுத்துத் தூக்கினார்கள். கலசம் உரசாமல் தேர் அடியில் புகுந்து வெளியே போனது. வடத்தை யாரும் கீழே போடவில்லை.

தலைவர் பேனரைத் திரும்பியும் பார்க்கவில்லை. என்னைக் கண்டதும் வடத்தில் கொஞ்சம் இடம் விட்டார்.

"புடிங்க தம்பி. இனிமே கோயில் வரைக்கும் ஏத்தம்."