நாச்சியாபுரம் வீட்டின் ஐந்தாவது படத்தில் நிற்பது யார்

போன தை மாதக் கடைசியில், ஒரு புதன்கிழமை, மதுரையிலிருந்து நாச்சியாபுரம் போய்வந்தேன். சுற்றிப் பார்க்கப் போகவில்லை, சண்டை போடத்தான் போனேன். ஆனாலும் செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க நினைக்கிறவர்களுக்கு வழியும் செலவும் உதவும் என்பதால் முறையாகவே எழுதுகிறேன்.

ஆரம்பித்து வைத்தது என் மருமகள் சுதா. குடும்ப வாட்ஸப் குழுவில் ஏதோ ஒரு லிங்க்கைப் போட்டு, "அத்தை, உங்க ஊரு ஹிஸ்டரி எல்லாம் ஆன்லைன்ல வந்திருச்சு" என்றாள். நாச்சியாபுரத்தில் வெகுகாலம் பூட்டிக் கிடந்த பெரிய வீடு ஒன்றை இப்போது காட்சிக்குத் திறந்திருக்கிறார்கள். அந்த வீட்டுப் பழைய படங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, வண்ணம் பூசி, கீழே வரலாறு எழுதியிருக்கிறார்கள். ஐந்தாவது படத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது அந்த வீட்டு ஆச்சி. நாற்காலியின் முதுகில் கைவைத்து நிற்பது என் அம்மா.

கீழே இப்படி இருந்தது: "ஆச்சியும் பெயர் தெரியாத பணிப்பெண்ணும்."

ஆச்சிக்குப் பெயர், பிறந்த ஊர், செட்டியார்களில் இளையாத்தங்குடிக் கோயில் பிரிவைச் சேர்ந்தவர் என்பதுவரை விவரம். அந்த வீட்டுக் கல்யாணங்களில் பந்தி பந்தியாகச் சமைத்துப்போட்ட என் அம்மாவுக்குப் பெயர் தெரியாதாம். யாரைக் கேட்டுத் தெரியாமல் போனது?

பக்கத்தின் அடியில் இருந்த பெட்டியில் சுதா என் அம்மா பெயரை எழுதிப் போட்டாள். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில் வந்தது. என் அம்மா பெயர் எனக்குக் கருத்தாம். மறுபடி போட்டாள். மறுபடி நன்றி. நான் பஸ் ஏறிவிட்டேன்.

மாட்டுத்தாவணியில் காலை ஆறரைக்குப் பஸ். காரைக்குடிக்குத் தொண்ணூறு ரூபாய், இரண்டரை மணி நேரம். அங்கே செல்வம் என்று ஓர் ஆட்டோக்காரர் கிடைத்தார், ஐம்பது வயதிருக்கும். போய், காத்திருந்து, திரும்பிவர எழுநூறு கேட்டார். அறுநூறுக்குப் பேசினேன். தூரம் பதினாறு கிலோமீட்டர் என்றார் அவர். பதினாலு என்றது அவர் போன். இரண்டில் எது சரி என்று என்னைக் கேட்காதீர்கள்.

நான் பிறந்த ஊர்தான், வழி சொல்கிறேன் என்றேன். மனிதர் கேட்கவில்லை.

"ஊரு மாறிப்போச்சு அப்பத்தா. போனு சொல்றபடி போவோம்."

"போனு இந்த ஊருலயா பொறந்துச்சு?"

"சும்மா வாங்க. அங்குட்டு எல்லாம் ஒருவழிப் பாதையாக்கிட்டாக."

ஊருக்குள் இரண்டு தெரு சுற்றியபின் போன் நிதானமாக, சேருமிடம் வந்துவிட்டது என்று சொல்லி வாயை மூடிக்கொண்டது. இறங்கிப் பார்த்தால் வீட்டின் பின்வாசல். அந்தப் பக்கத்து வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறவை. முன்வாசல் ஒரு தெருவில், அடுப்படி வாசல் இன்னொரு தெருவில். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு சின்ன வயதில் நான் போய்வந்த வாசல் அதுதான். இத்தனை வருடம் கழித்து, டிக்கெட் வாங்கி முன்வாசலில் நுழையலாம் என்று வந்தவளை போன் பின்வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தியது. சுவரைச் சுற்றி வெயிலில் நடந்தேன். செல்வம் பின்னாலேயே வந்தார். பேசியிருந்தால் வாங்கியிருப்பார்.

நுழைவுக் கட்டணம் ஆளுக்கு நூற்றைம்பது. செல்வத்துக்கும் நானே எடுத்தேன். என் அம்மாவைப் பார்க்க எனக்கு டிக்கெட்.

உள்ளே ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் க்யூஆர் என்கிற சதுரக் கோடு ஒன்று ஒட்டியிருக்கிறது. அதன்மேல் போனைக் காட்டினால் ஒரு பெண் குரல் வரலாறு சொல்கிறது. ஐந்தாவது படத்துக்கும் காட்டினேன். பெயர் தெரியாத பணிப்பெண் என்று அதே பாட்டு. கூடவே, "அவரது முன்கையில் அலங்காரக் கோல வடிவம் ஒன்று காணப்படுகிறது" என்றது.

அப்போதுதான் நிமிர்ந்து பெரிய படத்தைச் சரியாகப் பார்த்தேன். சுதாவின் போனில் கட்டைவிரல் அளவு தெரிந்தது இங்கே ஆள் உயரத்துக்கு இருந்தது. அம்மாவின் சேலைக்கு அவள் கட்டியே அறியாத சிவப்பை அடித்திருந்தார்கள். ஓரத்தில் தெரியும் பாவாடை முனை என்னுடையது, தள்ளி நில்லு என்று படம் பிடிக்க வந்தவர் விரட்டினார். அதெல்லாம் போகட்டும். அம்மா பச்சை குத்தியிருந்தது இடது கையில். படத்தில் அது வலது கையில் இருந்தது.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் திவ்யா என்ற பெண்ணைக் கூப்பிட்டேன். கோயம்புத்தூர்ப் பிள்ளை, மரியாதையாகத்தான் பேசியது.

"எங்க தகவல் எல்லாமே ஆன்லைன் சோர்ஸ் வெச்சு சரிபார்த்ததுங்க, ஆச்சி."

"ஆச்சின்னா செட்டியார் வீட்டம்மா. நான் அப்பத்தா. மொதல்ல இதைச் சரிபாரு. படத்தை இடம் வலமாத் திருப்பிப் போட்டிருக்கீக. அது கோலமில்ல, எழுத்து. எங்கம்மா பேரு கருப்பாயி."

"அந்தப் பேர்ல நெறையப் பேர் இருப்பாங்களேங்க."

"இருப்பாக. ஆனா எங்கம்மா கையில ப-வுக்கு மேல புள்ளி இருக்காது. திருப்பிட்டுச் சொல்லு."

அந்தப் புள்ளியின் கதை இதுதான். பச்சை குத்த வந்த பெண் அவசரத்தில் விட்டுவிட்டாள். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அதனால் குறையும் தெரியவில்லை. அந்தக் கையைப் பார்த்து மணலில் எழுதித்தான் நான் எழுத்துப் பழகினேன். பள்ளிக்கூடத்தில் அம்மா பெயரை எழுதச் சொன்ன வாத்தியார், புள்ளி எங்கே என்று விரல் முட்டியில் ஒன்று போட்டார். எங்கம்மா கையில் இப்படித்தான் இருக்கிறது என்றேன். எதிர்த்துப் பேசியதற்கு இன்னொன்று விழுந்தது. மூன்றாம் வகுப்போடு நான் நின்றதற்கு வேறு காரணமும் உண்டு. ஆனால் அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

திவ்யா கையிலிருந்த டேப்லெட்டில் படத்தைத் திருப்பியது. கையைப் பெரிதாக்கியது. கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் நிறம் அடித்திருக்கிறது, பச்சைக்கு மட்டும் பச்சை அடிக்கத் தெரியவில்லை. சாம்பல் கோடாகத்தான் இருந்தது. செல்வம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"க... ரு... ப... பா... யி. ஆமா அப்பத்தா. புள்ளி இல்ல."

அந்தப் பெண் அந்தக் கையைத் தனியாகச் சேமித்துக்கொண்டது. பிறகு, "நான் இன்னிக்கே ஹெட் ஆபீசுக்கு மெயில் போடறேனுங்க. ஆனா அவங்க வெளியான சோர்ஸ் கேப்பாங்க. ஏதாச்சும் லிங்க் இருக்குங்களா?" என்றது.

"நான் இருக்கேன்ல."

"நீங்க லிங்க் இல்லீங்களே, அப்பத்தா."

ஆட்டோவில் திரும்பும்போது மானகிரி தாண்டும்வரை நான் திட்டிக்கொண்டே வந்தேன். அந்த வீட்டை, அம்மா செத்ததற்கு அங்கிருந்து ஓர் ஆள்கூட எட்டிப் பார்க்காததை, படம் பிடித்தவரை, வாத்தியாரை. எல்லாம் ஓய்ந்தபின் செல்வம் சொன்னார்:

"இம்புட்டு ஞாபகம் வச்சிருக்கீக. நீங்களே எழுதிப் போட்டுட்டா அது லிங்க் ஆயிரும்ல?"

மானகிரி நாம் வந்த வழியில் இல்லையே, ஏன் இப்படிச் சுற்றுகிறீர் என்று அப்போதுதான் கேட்டேன். போன் சொன்னதாம். ஆனாலும் அறுநூறுக்கு மேல் ஐம்பது சேர்த்துக் கொடுத்தேன்.

அதனால்தான் இந்தக் கட்டுரை. இன்றுவரை அந்தக் குறிப்பு மாறவில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. டிபனை மதுரையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். ஆட்டோவைக் காத்திருப்புக்கும் சேர்த்துப் பேசுங்கள். போன் பின்வாசலில் இறக்கிவிட்டால் இடது கைப்பக்கமாகச் சுற்றி வாருங்கள், அந்தப் பக்கம் கொஞ்சம் நிழல் உண்டு. சதுரக் கோட்டில் வரும் குரலைக் கேளுங்கள், தூண் எந்த மரம் என்பதற்கெல்லாம் அது உதவும். ஆட்கள் விஷயத்தில் நம்பாதீர்கள். ஐந்தாவது படத்துக்கு முன்னால் நின்று அதை உங்கள் போனில் எடுத்து, இடம் வலமாகத் திருப்பிப் படியுங்கள்.

இதை நான் வாயால் சொல்ல, போன் எழுதுகிறது. அம்மா பெயர் வரும்போதெல்லாம் தானாகப் புள்ளி வைக்கிறது, அந்த வாத்தியாரைப் போலவே. பெயர் தெரிந்தால் போதும் என்கிற இடங்களில் விட்டுவிட்டேன். கடைசியில் மட்டும் அழித்து எழுதுகிறேன். புள்ளியோடு தேடினால் உலகத்துக் கருப்பாயி எல்லாம் வருவார்கள். புள்ளி இல்லாமல் தேடினால் இந்தப் பக்கம் வரும் என்கிறாள் சுதா. இதையா தேடுகிறீர்கள் என்று கூகுள் புள்ளி வைத்துத் திருத்தப் பார்க்கும். விடாதீர்கள். ஐந்தாவது படத்தில் நிற்பவர் பெயர்:

கருபபாயி.