கூடுதல் கடினம்

பட்டறையில் அவளை ஊசிக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். போல்ட்டின் தலையில் வைர ஊசியை அழுத்தி, அது எவ்வளவு கடினம் என்று கருவியின் முள்ளைப் பார்த்துச் சொல்வது அவள் வேலை. அந்த வேலைக்கு வந்ததிலிருந்து கரண்டியைக்கூட நகத்தால் கீறிப் பார்க்காமல் வாங்கமாட்டாள். "என் மண்டையையும் ஒரு தடவ குத்திப் பாரேன்" என்பார் டவர் கிரேன் ஓட்டும் கணவர். "வேணாங்க, ஊசி உடஞ்சிரும்" என்பாள்.

எஃகுக்கு இரண்டு சூடு வேண்டும். முதல் சூட்டில் செக்கச்செவேலென்று பழுத்ததை எண்ணெயில் முக்கினால், அதன் உள்ளமைப்பு ஊசி ஊசியாக இறுகிப்போகும். கண்ணாடி மாதிரி கடினம், கண்ணாடி மாதிரியே உடையும். இரண்டாவதான மிதமான சூடுதான் அந்த இறுக்கத்தைத் தளர்த்தி, கொஞ்சம் கடினத்தை வாங்கிக்கொண்டு தாங்கும் குணத்தைக் கொடுக்கும். இது அங்கே எல்லோருக்கும் அத்துப்படி. ஆனாலும் முள் குறைந்தால்தான் திட்டு விழும். ஏறினால் யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். அந்தப் பாழாய்ப்போன பழக்கத்தில்தான், மின்சாரம் போய்ப்போய் வந்த ஒரு நாளில், முள் எல்லைக்கோட்டைத் தாண்டி நின்ற ஒரு கூடையை "கூடத்தானே இருக்கு" என்று அனுப்பிவிட்டாள். இரண்டாம் சூட்டையே பார்க்காத கூடை அது.

கூடைக்கு ஒரு போல்ட்டை மாதிரிக்காக இரும்புக் கட்டையில் இறுக்கி அலமாரியில் வைப்பது வழக்கம். சில நாள் கழித்து ஒரு மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள், இயந்திரங்கள் நின்றிருந்தன. அவள் மட்டும் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பின்னால் 'டிக்' என்றது. திரும்பினால் யாருமில்லை. அந்தக் கூடையின் போல்ட்டுத் தலை தரையில் உருண்டுகொண்டிருந்தது. யாரும் தொடவில்லை, காற்றுகூட இல்லை. எடுத்துப் பார்த்தாள். உடைந்த முகம் கற்கண்டு போல மணிமணியாக மின்னியது. இரண்டாம் சூடு பார்க்காத எஃகு இப்படித்தான், இறுக்கி வைத்தாலே நாள்போக்கில் தானாக உடையும்.

அந்தக் கூடை கணவர் வேலைசெய்யும் இடத்துக்குத்தான் போயிருந்தது, கிரேன் கோபுரத்தின் துண்டுகளைப் பூட்ட. 'உன் போல்ட்டு மேலதான் உக்காந்திருக்கேன்' என்று அவர் பெருமையடித்தும் ஆகிவிட்டது.

போனை எடுத்தாள்.

"ஏங்க, எதையும் தூக்காதீங்க. உடனே கீழ இறங்குங்க."

"நானே இறங்கணும்னுதான் இருந்தேன். காலையிலேர்ந்து எவனோ கீழேர்ந்து கல்லெறியிறான். டங்கு டங்குன்னு கோபுரத்துல படுது. எட்டிப் பாத்தா ஒருத்தனையும் காணோம்."

அவள் வாசலுக்கு ஓடினாள்.

"போனை வைக்காதீங்க. பையில போட்டுட்டு இறங்குங்க" என்றாள்.

ஆட்டோவில் போகும் வழியெல்லாம் ஏணிப்படியில் அவர் செருப்புச் சத்தம் காதில் கேட்டது. நடுவே ஒரு 'டங்'. செருப்புச் சத்தம் நிற்கும். மறுபடி தொடங்கும்வரை இவளுக்கு உயிர் போய் உயிர் வரும்.

போய்ச் சேர்ந்தபோது அவர் கோபுரத்தின் அடியில் நின்றிருந்தார், உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல். காலைச் சுற்றிப் போல்ட்டுத் தலைகள் கிடந்தன. ஒன்றை எடுத்து நீட்டினார்.

"கல்லு இல்லம்மா இது."

"கடினம் கூட இருந்துச்சுங்க. நல்லதுதானேன்னு நான்தான் விட்டுட்டேன்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தவர், மேலே பார்த்தார். ஆளில்லாத கிரேன் மெல்லத் தலையைச் சாய்த்தது. "ஓடுங்க எல்லாரும்!" என்று கத்திக்கொண்டே அவள் கையைப் பிடித்து இழுத்தார்.