காதுக்காரரும் பேசாத வயிறும்

குடிநீர் ஆபீசில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாரும் இல்லை. காதுக்காரர் என்றால்தான் தெரியும். நெஞ்சுயர இரும்புக் கம்பியைத் தெருவில் ஊன்றி, மேல்முனையில் காதை வைத்து நிற்பார். "இங்க தோண்டுங்கப்பா" என்பார். தோண்டினால் அடியில் குழாய் கசிந்துகொண்டிருக்கும். முப்பத்தாறு வருட வேலையில் வெறுங்குழி தோண்டவைத்தது இரண்டே தடவை. அந்த இரண்டையும் சொல்லிக்காட்ட மச்சினன் ஒருத்தன் போதும். ஓய்வு பெற்ற அன்று மேஸ்திரி அந்தக் கம்பியையே கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்.

கல்யாணமான புதிதில் ஒரு விடிகாலை மனைவியையும் கூட்டிக்கொண்டு போய்க் கம்பியில் காது வைக்கச் சொன்னார். "யாரோ ரகசியம் பேசுற மாதிரி இருக்குங்க" என்றாள். அதிலிருந்து முப்பத்தெட்டு வருடம், ஒருவரை விட்டு ஒருவர் படுத்ததில்லை. அவருக்கு நாலு அக்காள்கள். நாலு பேர் வீட்டு விசேஷத்துக்கும் ஜோடியாகப் போய் ஜோடியாகத்தான் திரும்பினார்கள். "என்ன, ஒட்டிப் பிறந்ததுங்களா?" என்று மூன்றாவது அக்காள் வாய்விட்டே கேட்டாள்.

அப்படிப்பட்டவருக்குப் பெருங்குடலில் கட்டி. ஆபரேஷனுக்கு நாள் குறித்த வாரத்திலேயே மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து கால் முறிந்தது. வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. மாவுக்கட்டோடு அவள் மேலே, பக்கத்து வீட்டுக்காரியின் தயவில். வயிற்றுத் தையலோடு இவர் ஆஸ்பத்திரியில், மச்சினனின் காவலில்.

"கட்டியை எடுத்துக் குடலைச் சேத்துத் தச்சாச்சு. ஆனா குடல் இன்னும் முழிக்கல. காத்து பிரியட்டும், சாப்பாடு தரோம். அது தங்கினா வீட்டுக்குப் போகலாம்" என்றார் டாக்டர். தினமும் காதில் குழாயை மாட்டி வயிற்றைக் கேட்பார், உதட்டைப் பிதுக்குவார்.

"ஊர்க் குழாயெல்லாம் உங்களுக்கு வாயைத் திறந்துச்சு. சொந்தக் குழாய் திறக்கலையே, அத்தான்!"

"சிரிக்க வைக்காதடா மாப்ளே, தையல் இழுக்குது."

மூன்றாம் நாள் மனைவி போனில், "தாகம் எடுத்தாக்கூட எழுந்திரிக்கப் பயமா இருக்குங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதுவே இவருக்குத் தாங்கவில்லை. நர்ஸம்மா வந்ததும், "காத்து பிரிஞ்சிருச்சும்மா" என்று கூசாமல் சொல்லிவிட்டார். சூப் வந்தது. குடித்த அரைமணியில் வயிறு பானையாக உப்பி, வந்த வழியே எல்லாம் திரும்பியது. மூக்கு வழியாகக் குழாய் இறக்கினார்கள். நுணலும் தன் வாயால் கெடும்.

"இனிமே நீங்க சொல்றத நம்பமாட்டேன், பெரியவரே" என்று நர்ஸம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆறாம் நாள் டாக்டர் சொல்லி அனுப்பி அக்குபங்சர் டாக்டரம்மா வந்தார். முடி கனத்தில் ஊசிகள். முழங்காலுக்கு நாலு விரல் கீழே ஒன்று, கணுக்காலுக்கு மேலே ஒன்று, மணிக்கட்டுப் பக்கம் ஒன்று.

"வயித்துக்கு வைத்தியம், கால்ல ஊசியா?" மச்சினன் வாயைப் பொத்திக்கொண்டான்.

"மாடியில தண்ணி வரலைன்னா தெருமுனை வால்வைத்தாண்டா திறக்கணும்" என்றார் காதுக்காரர்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். ஆனாலும் மறைக்கவில்லை. "வால்வு மாதிரி உறுதி சொல்ல முடியாதுங்க. சிலருக்குக் கொஞ்சம் சீக்கிரமா முழிக்குது. சிலருக்கு ஒரு வித்தியாசமும் தெரியறதில்ல. நடக்கறதை மட்டும் விட்டுடாதீங்க."

ஊசியைத் திருகும்போது காலில் ஒரு கனம் இறங்கியது. கசிவுக்கு மேலே ஊன்றின கம்பி போல மெல்லிசாக அதிர்ந்தது. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே கிடந்தார். ஏழாம் நாள் மூக்குக் குழாயை எடுத்தார்கள். வயிறு மட்டும் பேசவில்லை.

எட்டாம் நாள், மூன்றாவது தடவை ஊசி போட்ட பிறகு, மனைவி போனில் வந்தாள்.

"உங்க கம்பியைப் பக்கத்து வீட்டுக்காரிகிட்ட எடுத்துத் தரச் சொல்லி, கட்டில்ல இருந்தே தரையில ஊனிக் கேட்டேங்க. கீழ்வீட்டுத் தண்ணிச் சத்தம் கேக்குது. படியில போறவங்க வர்றவங்க சத்தமெல்லாம் கேக்குது. நீங்க ஏறுற சத்தம்தான் கேக்கல."

இவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். அந்நேரம் பார்த்து அடிவயிற்றில் ஏதோ புரண்டது. "இரு, இதைக் கேட்டுச் சொல்லு" என்று போனைப் போர்வைக்குள் கொண்டுபோய் வயிற்றில் வைத்தார். ஒரு கடமுடா. பிறகு அடுத்த கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்து பார்க்கிற அளவுக்கு ஒரு வெடி.

"நர்ஸம்மா! பிரிஞ்சிருச்சு!"

"சொன்னீங்களே போன தடவையும்."

மச்சினன் டீ குடிக்கப் போயிருந்தான். சாட்சிக்கு ஆளில்லை. காதுக்காரர் ஸ்பீக்கரைப் போட்டுப் போனை நீட்டினார்.

"நானே கேட்டேம்மா" என்றது போன். "முப்பத்தெட்டு வருஷமாக் கேட்ட சத்தம். எனக்கா தெரியாது?"

வார்டே சிரித்தது. நர்ஸம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு வயிற்றைத் தானே கேட்டுப் பார்த்து, இரண்டு கரண்டித் தண்ணீர் தந்தார். ஊசியாலா, நடையாலா, நாள் ஆனதாலா என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை. தண்ணீர் தங்கியது, மறுநாள் சூப்பும் தங்கியது.

பதினோராம் நாள் மச்சினன் தோளைப் பிடித்துக்கொண்டு வீட்டுப் படி ஏறினார். ஐந்து படிக்கு ஒருதரம் நின்றார். இரண்டாம் மாடியில் மூச்சு வாங்கியது. சுவரில் சாய்ந்தார்.

மேலே திறந்திருந்த கதவுக்குள்ளிருந்து குரல் வந்தது: "நிக்காதீங்க. இன்னும் பதினாறு படிதான் இருக்கு."

அவள் கட்டிலை விட்டு இறங்கவே இல்லை. கம்பி தரையில் ஊன்றியிருந்தது.