கங்காணி வராத சனிக்கிழமைகள்

பக்கிரிசாமியோடு கேரமோ தாயமோ ஆட உட்காரக் கூடாது என்பது பந்திங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவனோடு வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். ஜெயித்தால் ஒரு வாரத்துக்கு அதையே பேசிக்கொண்டிருப்பான். தோற்றால் ஒரு வாரத்துக்கு உங்களோடு பேசமாட்டான். அப்படிப்பட்டவன் முப்பத்தாறு வயதில், கிள்ளான் பட்டணத்தில் ஒரு மாடிக்கடையில் உட்கார்ந்து, வேண்டுமென்றே வாரக்கணக்கில் தோற்றுக்கொண்டிருந்தான் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் தோற்றான். சிரித்துக்கொண்டே தோற்றான். தப்பு அங்கேதான் தொடங்கியது.

அவனுக்குத் துறைமுகத்தில் எண்ணுகிற வேலை. கப்பலிலிருந்து மூட்டை இறங்க இறங்க, நான்கு கோடு போட்டு ஐந்தாவதை அவற்றின் மேல் குறுக்கே இழுக்க வேண்டும். நாள் முழுக்கக் கோடு. தொண்ணூற்றைந்தாம் வருஷம் ஒரு பிலிப்பைன்ஸ் கப்பல்காரன், ஊருக்குப் போகிற சந்தோஷத்தில், ஒரு காலணிப் பெட்டி நிறையப் படம் போட்ட கார்டுகளை அவன் கையில் திணித்துவிட்டுப் போனான். பூதம், பறவை, கோட்டை, சிப்பாய் என்று ஆயிரம் படம். ஒவ்வொன்றின் அடியிலும் பொடி எழுத்தில் ஆங்கிலம். சேர்த்து வைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், அறுபது கார்டைப் பொறுக்கிக் கட்டாக்கி எதிராளியோடு சண்டையும் போடலாம். அமெரிக்காவில் அப்போது இதற்காகப் பைத்தியமாக அலைந்தார்களாம்.

சரக்கேற்ற லோரியோடு காத்துக் கிடக்கும் கன்னையாவுக்கும் பொழுது போகவில்லை. அவன் கிள்ளான்காரன், பக்கிரிசாமிக்கு இரண்டு வயது மூத்தவன். இருவரும் பெட்டியைப் பாதியாகப் பிரித்துக்கொண்டு, லோரியின் முன்சீட்டில் உட்கார்ந்து ஆட ஆரம்பித்தார்கள். முதல் மூன்று மாதம் பாதி விதிகளைத் தப்பாகவே ஆடினார்கள். இரண்டு பேரும் ஒரே தப்பைச் செய்ததால் சண்டை வரவில்லை. பிறகு தெங்கு கிளானா சாலையில், பூக்கடைகளுக்கு மேலே, ஒரு சீனர் இந்த ஆட்டத்துக்கென்றே நாலு மேசை போட்டிருக்கிறார் என்று தெரிந்தது. அதிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமை மத்தியானமும் ஜன்னலோர மேசை அவர்களுடையது.

பக்கிரிசாமியின் கட்டில் ஒரு கார்டு உண்டு. சாட்டை பிடித்த பூதம். அது களத்தில் நின்றால் எதிராளியின் பெரிய ஆட்களில் பாதிப்பேர் அசைய முடியாது. இரண்டு நின்றால் அவர்களில் ஒருவரும் அசைய முடியாது. அப்படி நான்கு வைத்திருந்தான். தோட்டத்தில் ஆளை ஓட்டியே உயிரை வாங்கிய கங்காணியின் பெயரை அதற்கு வைத்தது கன்னையாதான். “ஐயோ, கங்காணி வந்துட்டான் லா!” என்று அவன் தலையில் கைவைத்தால் கடையே திரும்பிப் பார்க்கும். இரண்டு வருஷத்தில் கன்னையா ஜெயித்த ஆட்டங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இரண்டு கங்காணி நின்ற பிறகு ஜெயித்தது ஒரே ஒரு முறை.

அதுதான் கடைசி ஆட்டமாகவும் போயிற்று.

அந்தக் கடையில் ஒரு வழக்கம். தோற்றவன் கட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “தோத்துட்டேன்” என்று வாய்விட்டுச் சொல்லிக் கை நீட்ட வேண்டும். எந்த மொழியில் வேண்டுமானாலும் சொல்லலாம், சொல்லித்தான் ஆக வேண்டும். அன்றைக்குப் பக்கிரிசாமி சொல்லவில்லை. வந்த தேநீரைத் தொடக்கூட இல்லை. கட்டை வாரிப் பைக்குள் போட்டுக்கொண்டு விறுவிறு என்று படியிறங்கிவிட்டான். “கோவிச்சுக்காத லா பக்கிரி, அடுத்த சனி பாத்துக்கலாம்!” என்று மேலிருந்து கன்னையா கூப்பிட்டது காதில் விழுந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை காலை துறைமுக வாசலில் லோரி வரிசை நகர்ந்தது. கன்னையாவின் லோரி மட்டும் நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, திட்டிக்கொண்டே இறங்கிப் போய்க் கதவைத் திறந்தார்கள். ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தபடி உட்கார்ந்திருந்தான். மாரடைப்பு என்றார்கள்.

நான்கு மாதம் பக்கிரிசாமி சனிக்கிழமை தவறாமல் அந்த ஜன்னலோரம் போய் உட்கார்ந்தான். வேறு ஆட்கள் ஆடக் கூப்பிட்டார்கள், ஆடினான், ஜெயித்தான். ஜெயித்து என்ன? தலையில் கைவைக்க ஆளில்லை. கன்னையா உட்கார்ந்த நாற்காலியைப் பார்க்கும்போதெல்லாம், அந்த ஒரு வார்த்தையைச் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று நினைத்துக்கொண்டான். இன்னும் ஒரே ஒரு சனிக்கிழமை கிடைத்தால் போதும் என்று, கிடைக்காது என்று தெரிந்தே, ஏங்கினான்.

ஜூன் மாதத்தில் ஒருநாள் அந்த நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சீதாலெட்சுமி உட்கார்ந்தாள். கன்னையாவின் தங்கை. முப்பத்திரண்டு வயது, மின்சாமான் தொழிற்சாலையில் பழுதானதைப் பார்த்துப் பொறுக்கி எடுக்கும் வேலை. கருமாதியில் பார்த்ததோடு சரி. கைப்பையிலிருந்து ரப்பர்பேண்ட் போட்ட கட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“அண்ணனோட கட்டு. அப்படியே இருக்கு, ஒண்ணுகூட மாத்தல. எனக்கு ஆடக் கத்துக் குடுங்கண்ணே.”

“நீயா? இது ரொம்பக் கஷ்டம்மா.”

“சனிக்கிழமையானா இத விட்டு நகர மாட்டாரு. என்னான்னு பாக்கணும்ல.”

அந்தக் கட்டு மறுபடி இந்த மேசைக்கு வந்துவிட்டது. இவள் இரண்டு வாரம் தோற்றுவிட்டு, நமக்குச் சரிப்படாது என்று போய்விட்டால்? நாற்காலி மறுபடி காலி. பக்கிரிசாமி யோசிக்கவே இல்லை. தன் கட்டை அவளிடம் வெட்டித் தரும்படி நீட்டுவதற்கு முன்னால், நான்கு கங்காணியையும் உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அந்த இடத்தில் ஒன்றுக்கும் உதவாத நான்கைச் செருகினான்.

முதல் வாரம் மட்டும் பேருக்கு ஜெயித்தான். அடுத்த வாரம் ஒன்று விட்டுக்கொடுத்தான். அதற்கடுத்த வாரம் இரண்டு. கையில் நல்ல கார்டு இருக்கும்போது, ஒன்றும் வரவில்லை என்று உதட்டைப் பிதுக்கினான். “தோத்துட்டேன்மா, பயங்கரமான ஆளா இருக்கியே!” என்று கை நீட்டினான். கீழேயிருந்து வடை வாங்கிவந்து வைத்தான். பெரிய தர்மம் செய்கிற நினைப்பு அவனுக்கு. அவளோ வாரத்துக்கு வாரம் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தாள். ஐந்தாம் வாரம் வடையைத் தொடவில்லை. ஆட்டத்தில் மூழ்கிவிட்டாள் என்று இந்த மனுஷன் நினைத்துக்கொண்டான்.

ஆறாம் சனிக்கிழமை அவள் கட்டைப் பிரிக்கவே இல்லை.

“கங்காணி எங்கண்ணே?”

அவன் கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. களவு பிடிபட்டவன் முழிக்கிற முழி.

“என்னா கங்காணி?”

“ரெண்டு வருசமா எங்க வீட்ல வேற பேச்சே கெடையாதுண்ணே. தட்டுல கை காயக் காய அண்ணன் சொல்லிக்கிட்டே இருப்பாரு. ஒங்க கட்டுல என்னென்ன இருக்குன்னு எனக்கு மனப்பாடம். நாலு கங்காணி. அஞ்சு வாரமா ஒருத்தன்கூட தலை காட்டல. அப்புறம், பக்கிரிக்கு உயிர் போனாலும் ‘தோத்துட்டேன்’ வாயில வராதும்பாரு. நீங்க சிரிச்சிக்கிட்டே சொல்றீங்க.”

“புதுசாச்சேம்மா நீ... தோத்தா வரமாட்டியோன்னு...”

“அது பரவால்லண்ணே.” அவள் குரல் இறங்கியது. “கடைசி வாரம் அண்ணன் ஜிலேபி வாங்கிட்டு வந்தாரு. ரெண்டு கங்காணிய நிக்க வச்சே பக்கிரிய ஜெயிச்சிட்டேன்னு மூணு தடவ சொன்னாரு. அந்த மாதிரி சிரிச்சு நான் பாத்ததில்ல. அம்மா இன்னும் வீட்டுக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் அதத்தான் சொல்லி அழுவுறாங்க. எம்புள்ள ஜெயிச்சிட்டுத்தான் போனான்னு. இப்ப நீங்க எனக்குப் பண்றதப் பாத்துட்டு, ராத்திரி தூக்கமே வரலண்ணே. அவருக்கும் இப்படித்தான் விட்டுக்குடுத்தீங்களா?”

பக்கிரிசாமிக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. பிடித்து வைக்கத்தான் விட்டுக்கொடுத்தான். விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்து, அந்த வீட்டில் மிச்சமிருந்த ஒரே சந்தோஷத்தையும் கெடுத்து வைத்திருக்கிறான்.

“சத்தியமா இல்லம்மா. அவன் நிஜமாத்தான் ஜெயிச்சான். நான் கோவத்துல கைகூடக் குடுக்காம போயிட்டேன். தேத்தண்ணி ஆறிக் கெடந்துச்சு. அவன் கூப்பிட்டான், நான் திரும்பிக்கூடப் பாக்கல.” இதை அவன் வேறு யாரிடமும் சொன்னதில்லை. சொல்லும்போது காது மடலெல்லாம் சுட்டது.

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இப்பவும் என் மனசுக்காகத்தான் சொல்றீங்களோ என்னமோ. ஆடிக் காட்டுங்க. முழுசா.”

நான்கு கங்காணியும் கட்டுக்குள் போயின. அவளே கலைத்து, அவளே வெட்டிக் கொடுத்தாள்.

பிறகு நடந்ததை ஆட்டம் என்று சொல்ல முடியாது. ஆறாவது சுற்றில் முதல் ஆட்டம் முடிந்தது. இரண்டாவதில் இரண்டு கங்காணி சீக்கிரமே வந்து நின்றதும், அவளுடைய படை முழுக்கப் படுத்துக்கிடந்தது. அவன் இரக்கமே காட்டவில்லை. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு மூன்றாவதற்கும் கலைத்தாள். இருந்ததையெல்லாம் முன்னே தள்ளினாள். ஒன்றுக்கும் உதவாத ஒரு கொசுக் கார்டைக்கூடக் கேடயமாக நிறுத்திச் சாகவிட்டாள். அதிலும் தோற்றாள். மூன்று முறையும் வழக்கப்படி “தோத்துட்டேன்” என்று சொல்லிக் கை நீட்டினாள். மூன்றாவது முறை கண் கலங்கியிருந்தது.

“இதையா ஜெயிச்சாரு எங்கண்ணன்?”

“இதத்தான்.”

“எப்படிண்ணே?”

பக்கிரிசாமி அவள் கட்டை வாங்கிக் கார்டுகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து மேசையில் அடுக்கினான். எண்ணியே பிழைக்கிறவனுக்கு அந்த ஆட்டம் ஒரு கார்டு விடாமல் நினைவிருந்தது. மாதக்கணக்கில் தினமும் மனசுக்குள் அதையே ஆடிக்கொண்டிருந்தான். தன் பக்கம் இரண்டு கங்காணி. அவள் பக்கம் படுத்துவிட்ட பெரிய ஆட்கள். அவர்கள் நடுவில் அந்தக் கொசு.

“கங்காணி பெரிய ஆளுங்களத்தான் பிடிச்சு வைப்பான். இது அவன் கண்ணுக்கே தெரியாது. எனக்கு அப்ப உயிர் ஏழு மிச்சம், அதுவும் போனா ஆட்டம் முடிஞ்சது. கொசு ஒரு சுத்துக்கு ஒண்ணுதான் கடிக்கும். நான் சிரிச்சேன். கடிச்சிட்டுப் போவட்டும்னு விட்டேன். அவன் மத்த எல்லாத்தையும் எனக்குப் பலி குடுத்து, இது ஒண்ண மட்டும் காப்பாத்திக்கிட்டே இருந்தான். நீ இப்ப தூக்கிப் போட்ட கார்டு இதான்.”

ஒவ்வொரு கடிக்கும் காகிதத்தில் ஒரு கோடு போட்டான். நான்கு கோடு, குறுக்கே ஒன்று. ஆறாவது கோடு.

“இந்தக் கட்டத்துலகூட எனக்குப் புரியல. அடுத்த சுத்துல அவன முடிச்சிருப்பேன். அவன் வாயெல்லாம் பல்லா என்னையே பாத்துக்கிட்டு இருக்கான்.” அவன் கொசுவை அவள் பக்கம் தள்ளினான். “இத நீ ஆடு.”

சீதாலெட்சுமி அந்தக் கார்டை எடுத்து, நடுவில் வைத்தாள். அவன் ஏழாவது கோட்டைப் போட்டான்.

கடைக்காரர் இரண்டு தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். பக்கிரிசாமி கட்டைக் கவிழ்த்து வைத்தான். வாரக்கணக்கில் சிரித்துச் சிரித்துச் சொன்ன வார்த்தை இப்போது வரமாட்டேன் என்றது. தேநீரில் ஆடை கட்டியது. அவள் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் எழுந்து நின்று, மேசைக்கு மேலே கையை நீட்டினான்.

“தோத்துட்டேன் கன்னையா.”

சீதாலெட்சுமியும் எழுந்து, அண்ணனுக்காக அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினாள். பிறகு இருவரும் உட்கார்ந்து ஆறிப்போன தேநீரைக் குடித்தார்கள். ஏழு கோடு போட்ட காகிதத்தை அம்மாவிடம் காட்ட வேண்டும் என்று கேட்டு வாங்கி, மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். ஆடுவதற்குக் கட்டைக் கலைத்தபோது, அந்தக் கொசு தொலைந்துவிடாமல் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.