ஒரு சனிக்கிழமைப் பொய்

அடுத்த அறையிலிருந்து எழுந்த ஆரவாரம் சுவரை அதிரவைத்தது. கை கழுவிக்கொண்டிருந்த ஸ்ரீஸ்கந்தராசா குழாயை மூட மறந்து நின்றார். யாரோ கோல் அடித்துவிட்டார்கள். அது மகனின் பழைய நண்பன் கொன்ஸ்ரன்ரைனாக இருக்கக்கூடாதே என்று மனம் வேண்டியது. வேண்டிய மறுகணமே வெட்கப்பட்டது.

"அப்பா! கொன்ஸ்ரன்ரைன் அடிச்சிட்டான்! எங்கை போனீங்கள்?"

மகன் திலக்சனின் குரல். அந்தக் குரலில் இவ்வளவு மகிழ்ச்சியைக் கேட்டு எத்தனை வருடமாயிற்று!

"வாறன், வாறன்."

முப்பத்தொரு வருடமாக ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறவர் அவர். இந்த மைதானத்து வாசலில் ஆயிரமாயிரம் பேரை இறக்கிவிட்டிருக்கிறார். உள்ளே வந்ததில்லை. இன்றோ ஒரு பெண் கழுத்தில் அட்டை மாட்டி, மின்தூக்கியில் அழைத்துவந்து, முக்கியப் பிரமுகர்களுக்கான கண்ணாடி அறையில் இருத்திவிட்டுப் போயிருக்கிறாள். கீழே பச்சை மைதானம் விரித்த பாய்போல் கிடந்தது.

"கோட்டைக் கழட்டிக் கொழுவவும் ஒரு ஆளப்பா!" என்றாள் மனைவி அன்னம். மடியில் ரோல்ஸ் பெட்டி. கூப்பிட்டவனுக்கு வெறுங்கையோடு முகம் காட்டுவதா என்று விடியவே எழும்பிப் பொரித்தது. "நீங்கள் ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கிறியள்?"

"வயிறு சரியில்லை."

"இன்னும் ஒண்டும் வாயிலை வைக்கேல்லை. அதுக்குள்ளை வயிறோ?"

திலக்சன் சிரித்தான். ஸ்ரீஸ்கந்தராசாவால் சிரிக்க முடியவில்லை. ஆட்டம் முடிந்ததும் கொன்ஸ்ரன்ரைன் இந்த அறைக்கு வரப்போகிறான். வந்தால் பழைய கதை வரும். பழைய கதை வந்தால், பதின்மூன்று வருடமாக அவர் நெஞ்சில் புதைத்து வைத்த பொய்யும் வெளியே வரும்.

ஒஸ்லோவின் ஹவுகெட்டோப் பகுதியில் சிறுவயதில் இரண்டு பையன்களும் ஒரே அணியில் ஆடியவர்கள். பயிற்சி முடிந்தால் நேரே அன்னத்தின் குசினியில் சாப்பாடுதான். ஆட்டங்கள் சனிக்கிழமை காலையில் நடக்கும். தமிழ்ப் பள்ளியும் சனிக்கிழமை காலையில்தான். பதின்மூன்று வருடத்துக்கு முன் ஸ்ரீஸ்கந்தராசா பள்ளியின் செயலாளரானார். தேநீர் வேளையில் ஒருவர், "செயலாளற்றை மோன் பந்துக்குப் பின்னாலை ஓடுறான். மற்றப் பிள்ளையளுக்கு நாங்கள் என்னத்தைச் சொல்லுறது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மகனின் ஆட்டத்தை நிறுத்த அந்தச் சிரிப்பு அவருக்குப் போதுமாயிருந்தது.

மகனுக்கு ஆர்வம் போய்விட்டதென்று பயிற்சியாளரிடம் தொலைபேசியில் சொன்னார். "உன்ரை இடத்துக்கு அவர் கொன்ஸ்ரன்ரைனை எடுத்திட்டாராம்" என்று மகனிடம் சொன்னார். பதினான்கு வயதுப் பிள்ளை அழவில்லை, போய்க் கேட்கவும் இல்லை. காலணியைக் கட்டி நிலவறையில் வைத்தான். நண்பனோடு கதைப்பதை விட்டான். அடுத்த வருடம் கொன்ஸ்ரன்ரைனின் குடும்பம் ஸ்தவாங்கர் நகருக்குப் போய்விட்டது.

திலக்சன் இப்போது எல்லிங்ஸ்ருட் பகுதியில் தனியே இருக்கும் மின்பணியாளன். பெற்றோர் வீட்டுக்கு வந்தால் "ஓம்", "இல்லை" என்பான். அரை மணித்தியாலத்தில் ஏதாவது சாட்டுச் சொல்லிக் கிளம்பிவிடுவான். இந்த வருடம் தொழில்முறை ஆட்டக்காரனாக ஒஸ்லோ அணிக்குத் திரும்பிவந்த கொன்ஸ்ரன்ரைன்தான் அவனைத் தேடிப்பிடித்து, குடும்பத்தோடு வரச்சொல்லி அழைத்தான்.

ஆட்டம் முடிந்து, ஈரத் தலையோடு உள்ளே வந்தான் அவன். அன்னத்தைக் கட்டிப்பிடித்தான். நின்ற நிலையிலேயே இரண்டு ரோல்ஸ் தின்றான். பிறகு நோர்வேஜிய மொழியில் கேட்டான்.

"திலக், நீ ஏன் விட்டாய்? உனக்கு அலுத்துப்போய்விட்டது என்று பயிற்சியாளர் சொன்னார். நான் மாற்று ஆளாக வாங்கில் இருந்தவன். உன் இடம் கிடைத்திராவிட்டால் இன்றைக்கு நான் எங்கேயோ."

திலக்சனின் முகம் மாறியது. "நான் அப்படிச் சொல்லவில்லையே. அவர்தானே என்னை எடுத்துவிட்டு உன்னைப் போட்டார்?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"பழைய விஷயம். மனுஷன் குழம்பியிருப்பார்" என்றான் கொன்ஸ்ரன்ரைன்.

பயிற்சியாளர் இறந்து நாலு வருடம். இனி யாரும் கேட்டுத் தெளியப்போவதில்லை. தலையாட்டிவிட்டுப் பேசாமல் இருந்தால் ஸ்ரீஸ்கந்தராசா தப்பிவிடலாம். ஆனால் அந்த நல்ல மனிதர் மேல், செத்த பின்னும் இந்தப் பழி கிடக்க வேண்டுமா? மகன் தன்னை யாரோ வேண்டாமென்று தள்ளினார்கள் என்றே நினைத்துக் கிழவனாக வேண்டுமா?

"அவர் குழம்பேல்லைத் தம்பி." அவர் மகனைப் பார்த்துத் தமிழில் சொன்னார். "நான்தான். உனக்கு விருப்பமில்லையெண்டு அவருக்குச் சொன்னனான். அவர் உன்னை வேண்டாமெண்டவரெண்டு உனக்குச் சொன்னனான். ரெண்டும் பொய்."

"என்னப்பா கதைக்கிறியள்?" அன்னம் எழுந்துவிட்டாள். "ஏன்?"

"நாலு பேருக்கு முன்னாலை என்ரை முகத்தைக் காப்பாத்த. வேறை ஒண்டுக்குமில்லை."

கண்ணாடிக்கு அப்பால் மைதானத்தில் தண்ணீர் தெளிக்கத் தொடங்கியிருந்தார்கள். திலக்சன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். தமிழ் புரியாவிட்டாலும் ஏதோ உடைந்துபோனது கொன்ஸ்ரன்ரைனுக்குப் புரிந்தது. மெல்லத் திலக்சனின் தோளைத் தொட்டான்.

"கீழே எங்கள் அணி ஆட்கள் நிற்கிறார்கள். வா, போவோம்."

திலக்சன் அவனோடு வாசல்வரை நடந்தான். கொழுவியிருந்த தன் கோட்டையும் எடுத்துக்கொண்டான். இனி இந்தப் பிள்ளை வீட்டுப் படி மிதிக்கமாட்டான் என்று ஸ்ரீஸ்கந்தராசா தலையைக் குனிந்துகொண்டார்.

வாசலில் நண்பர்கள் இருவரும் இறுகத் தழுவிக்கொண்டார்கள்.

"நீ போ" என்றான் திலக்சன். குரலில் இளக்கம் இல்லை. "எனக்கு அப்பாவோடு பேசவேண்டியது நிறைய இருக்கிறது."

கொன்ஸ்ரன்ரைன் போனான். திலக்சன் உள்ளே நின்றபடி கதவைச் சாத்தினான்.